எட்டாவது பெட்டை

பக்கத்து வீட்டு ராட்கா அக்கா விழுந்தது மார்ச் முதல் வாரத்தில். அந்த வருடத்தின் கடைசிப் பனி முற்றத்தில் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடந்தது. கோழிகளின் தண்ணீர்த் தட்டு உறைந்திருக்கும் என்று வெந்நீர் வாளியைத் தூக்கிக்கொண்டு போனவள், கூட்டுக்குப் பத்தடி முன்னால் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தது. மகன் கமென் ப்ளோவ்திவ் நகரத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டான். நானும் என் மனைவி வெசெலாவும் அக்காவின் அடுப்பை அணைத்தோம், கவிழ்ந்து கிடந்த வாளியை எடுத்து வைத்தோம், வீட்டைப் பூட்டினோம். கோழிக்கூட்டின் கதவைச் சாத்த மட்டும் அன்று மாலை யாருக்கும் தோன்றவில்லை.

எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். கப்ரோவோ நகரத்தில் முப்பத்து நாலு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவன் நான். கதவு சாத்தாமல் லிஃப்ட் நகரக்கூடாது. அந்தத் தொழிலின் முதல் பாடமே அதுதான். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தபோது மரநாய் வந்துபோயிருந்தது. ஒன்பது கோழிகளில் எட்டு செத்துக் கிடந்தன. மரநாய் பசிக்கு மட்டும் கொல்வதில்லை, கூட்டுக்குள் அசைகிற எதையும் விடாது. அன்று அசையாமல் இருந்தது ஒன்றே ஒன்று. முட்டைப்பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கையகலச் சந்தில் செருகிக்கொண்டு, வெள்ளைத் துணி மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தது. இரண்டு கன்னத்திலும் பஞ்சை ஒட்டிவைத்ததுபோல இறகு புசுபுசுவென்று நிற்கிற ஜாதி. அவளுக்குப் பிசானா என்று பெயர்.

அறுவை சிகிச்சை முடிந்த நாலாம் நாள் அக்கா போன் செய்தாள். கேட்ட முதல் கேள்வியே கோழிகளைப் பற்றித்தான். கதவைச் சாத்தாதது நான்தான் என்பது உட்பட நடந்ததை அப்படியே சொன்னேன்.

"எது மிச்சம்?"

"பிசானா."

"அவளை உன் வீட்டுக்குக் கொண்டுபோயிடு தம்பி. தனியா விட்டுடாதே" என்றாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அடுத்த வாரம் கமென் பேசினான். நல்ல பையன், பையன் என்ன, ஐம்பது வயது. அம்மா இனிமேல் கிராமத்தில் தனியாக இருக்க வேண்டாம், தன்னோடு ப்ளோவ்திவிலேயே இருக்கட்டும், வீட்டை விற்றுவிடலாம் என்றான். ஐந்தாவது மாடி. அந்த மாதிரிக் கட்டடங்களின் லிஃப்ட் எனக்குத் தெரியும், மாதத்தில் பாதி நாள் ஓடாது. அம்மா விழுந்ததே கோழிக்குத் தண்ணீர் தூக்கப் போய்த்தான், கோழி இருக்கும்வரை வாளியும் இருக்கும் என்று அவன் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா சொன்னதிலும் முடியவில்லை. முற்றத்தில் உயிராக ஒன்றுகூட இல்லையென்றால் காலையில் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று அவள் கேட்டாளாம்.

நான் ஒரு வழி சொன்னேன். பிசானா என் கூட்டத்தோடு, என் கூட்டில் இருக்கட்டும். தண்ணீர், தீனி, கதவு எல்லாம் என் பொறுப்பு. இரண்டு முற்றத்துக்கும் நடுவிலிருக்கிற வேலியில் ஒரு சின்னக் கதவு வைத்துவிடுகிறேன். அக்கா ஐம்பது அடி நடந்து வந்து பார்த்துக்கொள்ளலாம், வாளியைத் தொடவே வேண்டாம்.

கமென் யோசித்துவிட்டுச் சொன்னான். "சரி மாமா. ஈஸ்டருக்கு முன்னாடி சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிட்டு வர்றேன். உங்க கோழிங்க அதைச் சேத்துக்கிட்டா அம்மா இங்கேயே இருக்கட்டும். சேத்துக்கலைன்னா அதுக்குத் தனிக் கூடு வேணும். தனிக் கூடுன்னா ரெண்டாம் நாளே அம்மா வாளியைத் தூக்குவாங்க. அப்புறம் பேச்சே கிடையாது, வீட்டை வித்துடலாம்."

அக்காவும் ஒத்துக்கொண்டாள். ஆக, அவள் தன் வீட்டில் இருப்பதா இல்லையா என்பது ஒரு வெள்ளைப் பெட்டையின் தலையில் வந்து உட்கார்ந்தது. என் கையில் ஆறு வாரம்.

புதுக் கோழியைக் கூட்டத்தில் விடுவது ஏன் கஷ்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது எல்லாம் தானாகப் புரியும். என்னிடம் ஏழு பெட்டைகள் இருந்தன. ஏழு பேரில் இரண்டிரண்டு பேராகச் சேர்த்தால் இருபத்தொரு ஜோடி வரும். அந்த ஒவ்வொரு ஜோடிக்கும் யார் முதலில் தின்பது, யார் ஒதுங்குவது என்று என்றைக்கோ ஒருநாள் சண்டை நடந்து தீர்ப்பாகியிருக்கும். தீர்ப்பானபிறகு சண்டை கிடையாது. ஒருத்தி தலையை நிமிர்த்தினால் மற்றவள் நகர்ந்துவிடுவாள். கோழிகள் அமைதியாக மேய்கின்றன என்று நாம் நினைக்கிறோமே, அது இருபத்தொரு பழைய வழக்குகளின் அமைதி. இந்த ஊருக்குள் எட்டாவதாக ஒருத்தி வந்தால் ஏழு புது வழக்குகள். ஏழும் ஒரே நாளில், ஏழிலும் அவள் ஒருத்தியே எதிராளி. அதில்தான் புதுக் கோழி சாகிறது. ஒருத்தி கொத்தினால் தாங்கும், ஏழு பேர் கொத்தினால் தாங்காது.

அதனால் வழக்குகளைத் தவணை தவணையாக நடத்த வேண்டும். முதல் மூன்று வாரம் பிசானாவைத் தோட்டத்தின் மறுகோடியில் பழைய முயல் பெட்டியில் வைத்தேன். பேன் இருக்கிறதா, இருமுகிறாளா என்று பார்ப்பதற்கு அவ்வளவு நாள் வேண்டும். பாதித் தீனிதான் தின்றாள். பகலில் கம்பியில் கழுத்தை அழுத்திக்கொண்டு என் கோழிகளின் சத்தம் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு இரண்டு வாரம் கூட்டத்தின் முற்றத்துக்குள்ளேயே ஒரு மூலையைக் கம்பி வலையால் தடுத்து அதில் விட்டேன். பார்க்கலாம், கொத்த முடியாது. கோழிகள் ஒன்றை ஒன்று முகத்தை வைத்துத்தான் அடையாளம் காண்கின்றன: கொண்டை, கன்னம், கழுத்து. உடம்பு எந்த நிறமாக இருந்தாலும் அவற்றுக்கு அவ்வளவாகப் பொருட்டில்லை. அந்த முகத்தை மனப்பாடம் செய்ய இந்த இரண்டு வாரம். தீனித் தட்டை வலையை ஒட்டி இரண்டு பக்கமும் வைப்பேன். எதிரெதிரே நின்று தின்றால் பகை பாதி குறையும்.

கடைசி நாட்களில் கூட்டத்திலேயே தாழ்ந்தவளைப் பிசானாவோடு வலைக்குள் விட்டேன். சின்னவள் என்று கூப்பிடுவோம். யார் நிமிர்ந்தாலும் ஒதுங்குகிறவள். கீழே ஒருத்தி வருகிறாள் என்பதில் அவளுக்கு நஷ்டமே இல்லை. இரண்டே நாளில் இருவரும் ஒரே குழியில் மண் குளித்தார்கள்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்தோலை ஞாயிறு அன்று வலையை எடுத்தேன். முற்றத்தில் மூன்று இடத்தில் தீனி, இரண்டு இடத்தில் தண்ணீர், ஒளிந்துகொள்ள இரண்டு பழைய பலகைகளைச் சாய்த்து வைத்திருந்தேன். துரத்துகிறவள் கண்ணிலிருந்து மறைந்துவிட்டால் போதும், கோழி எதற்காகத் துரத்தினோம் என்பதை மறந்துவிடும். எங்கள் கூட்டத்துக்கு மேயரம்மா தலைவி. கறுப்பு, கனமான உடம்பு, கொண்டை ஒரு பக்கம் சாய்ந்து தொப்பி மாதிரி இருக்கும். அவள் பிசானாவிடம் நேராக நடந்து வந்து உச்சந்தலையில் ஒரே ஒரு கொத்து கொத்தினாள். பிசானா தலையைத் தாழ்த்தினாள். வழக்கு முடிந்தது. அடுத்தவள் சிவப்பி, அதுவும் ஒரு கொத்தோடு முடிந்தது. புதன்கிழமைக்குள் ஏழில் ஐந்து தீர்ந்துவிட்டன. ராத்திரியில் மட்டும் கூட்டுக்குள் அவர்கள் அடையும் கம்பில் அவளுக்கு இடம் கொடுக்கவில்லை. தரையில் ஒரு மூலையில் படுத்துக்கொண்டாள். கம்பில் இடம் கடைசியில்தான் கிடைக்கும்.

தினமும் மாலை ஆறு மணிக்கு அக்காவுக்குப் போன். எத்தனை கொத்து, எந்த இடத்தில், யார் பக்கத்தில் நின்று தின்றாள் என்று விவரமாகச் சொல்வேன். பாதியில் என்னை நிறுத்தி, "தின்னாளா, அதைச் சொல்லு" என்பாள்.

ஈஸ்டருக்கு மூன்று நாள் முன்னால் பெரிய வியாழன் வந்தது.

அன்று எங்கள் வீட்டில் முட்டைக்குச் சாயம் போடுவோம். முதல் முட்டை சிவப்புதான். சாயத்திலிருந்து எடுத்த ஈரத்தோடு அதைப் பிள்ளைகளின் கன்னத்தில் உருட்டித் தடவ வேண்டும். வருடம் முழுக்கக் கன்னம் சிவந்து நோயில்லாமல் இருக்கும் என்று. எங்கள் பேத்தி ஸ்பெயினில். மூன்று வருடமாக வெசெலா அந்த முட்டையைப் போன் திரையில் தெரியும் குழந்தையின் முகத்தில்தான் வைத்துத் தடவுவாள், பிறகு திரையைத் துடைத்துக்கொண்டிருப்பாள். இந்த வருடம் அங்கே யாரும் போன் எடுக்கவில்லை. குழந்தைக்குப் பள்ளியில் ஏதோ நாடகம்.

நான் வேலியில் கதவுக்குக் கீல் அடித்துக்கொண்டிருந்தேன். வெசெலா கையில் முட்டையோடு படியில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் கோழி முற்றத்துக்குள் போனாள். பிசானா அவள் காலடிக்கு வந்தது. வெசெலா அதைத் தூக்கி மடியில் வைத்து, புசுபுசுவென்று இருந்த அந்த வெள்ளைக் கன்னம் இரண்டிலும் ஈர முட்டையை உருட்டினாள். ஏதோ முணுமுணுத்தாள். கீழே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். நல்ல காரியம் என்றுகூட நினைத்தேன். கோழிகளைப் பற்றி இவ்வளவு தெரிந்தவனுக்கு அந்த நிமிடத்தில் ஒன்றும் உறைக்கவில்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் ஒரு பிள்ளையின் கன்னமும் சிவப்பு முட்டையும்தான்.

வெள்ளை இறகில் ஈரச் சிவப்பு. கோழியின் கண்ணுக்கு அது ரத்தம். ரத்தத்தைக் கண்டால் கோழி கொத்தும். அதில் கோபம் எதுவும் இல்லை, சிவப்புப் புள்ளி இருந்தால் அலகு தானாகப் போகும். கொத்தினால் நிஜ ரத்தம் வரும், வந்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள். கீலின் இரண்டாவது திருகாணியை முடுக்குவதற்குள் சத்தம் கேட்டது. ஓடினேன். பலகைக்கும் வேலிக்கும் நடுவே வெள்ளையும் சிவப்புமாக ஒரு குவியல், மேலே ஐந்து முதுகுகள். மேயரம்மாதான் கன்னத்து இறகைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். சின்னவளும் அந்த ஐந்தில் ஒருத்தி.

பிசானாவைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தேன். பின்கழுத்தில் ஒரு காயம், சின்ன நகம் அளவு, ஆழமில்லை. இடது கன்னத்து இறகு பாதி போய்விட்டது. கண்கள் தப்பின. வெசெலா பார்த்தாள், என்ன நடந்தது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கையிலிருந்த கரண்டி சாயப் பாத்திரத்துக்குள் விழுந்தது, எடுக்கவில்லை.

முதலில் சிவப்பைப் போக்க வேண்டும் என்று அலமாரியிலிருந்து வினிகரை எடுத்துத் துணியில் நனைத்துக் கன்னத்தைத் துடைத்தேன். சிவப்பு இன்னும் பளிச்சென்று ஆனது.

"லியூபென், என்ன பண்றே?" என்றாள் வெசெலா. "சாயம் ஒட்டணும்னுதானே அதுல வினிகர் ஊத்துறோம்."

சாயத்தை நன்றாகப் பிடிக்க வைத்துவிட்டேன். ஒரே நாளில் ஆளுக்கு ஒரு தப்பு. அவள் சிரிக்கத் தொடங்கினாள், அது அழுகையில் முடிந்தது. மேசையில் கோழி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது.

மிச்சமிருந்தது பைன் மரத் தார். ஆட்டின் குளம்புக்குப் போடுவதற்காகத் தொழுவத்தில் ஒரு டப்பா வைத்திருப்போம். கறுப்பு, சிவப்பை மூடிவிடும். கசப்பு, ஒருமுறை வாய் வைத்த கோழி மறுமுறை வைக்காது. காயத்தையும் ஆற்றும். காயத்திலும் இரண்டு கன்னத்திலும் தடவினோம். தடவி முடித்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் இன்னொரு கணக்கு நினைவுக்கு வந்தது. முகத்தை வைத்துத்தான் அடையாளம். இப்போது மேசை மேல் நிற்பது கரிமுகத்தோடு ஒரு பெட்டை. என் கோழிகள் ஏழும் இதைப் பிறந்ததிலிருந்து பார்த்ததே இல்லை. ஆறு வாரம் முதலிலிருந்து. கையில் இருப்பதோ இரண்டு நாள்.

அன்று மாலை ஆறு மணிக்கு நான் போன் செய்யவில்லை. வெசெலா செய்தாள். அடுத்த அறையிலிருந்து கேட்டேன். முட்டை, கன்னம், தார் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தன்னால்தான் என்றாள். பிறகு அந்தப் பக்கம் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். போனை வைத்தபின் என்னிடம் வந்து, அக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள் என்றாள்.

"'பிள்ளைக்குத் தடவுற மாதிரியா தடவினே?'னு கேட்டாங்க. ஆமான்னேன். 'அப்ப சரி, தூங்கு'ன்னாங்க."

வெள்ளிக்கிழமை காலை நான் மேயரம்மாவைப் பிடித்துச் சலவை அறையில் ஒரு கூடைக்குள் அடைத்தேன். இது நான் கடைசிக்கென்று வைத்திருந்த வித்தை. தலைவியை எடுத்துவிட்டால் கூட்டத்தில் எல்லா வழக்குகளும் கொஞ்சம் ஆட்டம் காணும். மேலே காலியான இடத்துக்கு யார் என்பதில் எல்லோரும் மும்முரமாகிவிடுவார்கள், கீழே புதிதாக யார் வந்தது என்று பார்க்க நேரமிருக்காது. சரியாகச் செய்ய வேண்டுமானால் ஐந்து நாள் வேண்டும். எனக்கு ஒன்றரை நாள்தான். நான் எதிர்பார்த்ததுபோல் சிவப்பி மத்தியானத்துக்குள் தீனித் தட்டின் நடுவில் நின்று மற்றவர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். கரிமுகப் பிசானாவைச் சாயங்காலம் விட்டேன். இரண்டு பேர் வந்து கொத்திப் பார்த்தார்கள். தார். அலகை மண்ணில் தேய்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை நாலு மணிக்குக் கமெனின் கார் வந்தது. அக்கா ஊன்றுகோல் இரண்டோடு இறங்கினாள், பாதியாக இளைத்திருந்தாள். தன் வீட்டுப் பக்கம் பார்க்கவே இல்லை. நேராக எங்கள் கோழி முற்றத்துக்கு வந்து, வெசெலா போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். கமென் காரின் டிக்கியைத் திறக்கவில்லை. அக்காவின் துணிப்பை உள்ளேயே இருந்தது. நான் கதவு, தண்ணீர்க் குழாய், மூன்று தீனித் தட்டு எல்லாம் காட்டினேன். கோழிகள் மேய்ந்துகொண்டிருந்தன. பிசானா சின்னவளுக்குப் பக்கத்தில் கிளறிக்கொண்டிருந்தாள். பார்க்க அழகாகவே இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு மாமா" என்றான் கமென். உடனே சலவை அறையிலிருந்து மேயரம்மா கத்தினாள். ஒன்றரை நாளாக அப்படித்தான் கத்திக்கொண்டிருந்தாள்.

"அது யாரு?" என்றாள் அக்கா.

வித்தையைச் சொன்னேன். இருபத்தொரு வழக்கிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அக்கா பாதியில் கையைத் தூக்கினாள்.

"அவளைக் கொண்டுவந்து விடு."

"அக்கா, இன்னிக்கு வேண்டாம். மூணு நாள் போகட்டும்."

"மூணு நாள் கழிச்சு நான் அஞ்சாவது மாடியில இருந்தா எனக்கு எப்படித் தெரியும்? பொய்யா ஜெயிச்சுட்டு இந்த வீட்ல உக்கார எனக்கு வேண்டாம் லியூபென். எல்லாரும் இருக்கிற கூட்டத்துல அவளுக்கு இடம் இருக்கா, இல்லையா. அதைப் பாத்துட்டுப் போறேன்."

நான் போய்க் கூடையைத் தூக்கி வந்தேன். வெசெலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மேயரம்மா கூடையிலிருந்து இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல் தீனித் தட்டின் நடுவுக்கு நடந்தாள். சிவப்பி நகரவில்லை. ஒன்றரை நாள் ராஜ்யம் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. இரண்டு பேரும் கழுத்து இறகை விரித்து நெஞ்சோடு நெஞ்சு மோதினார்கள். நான் எவ்வளவோ சண்டை பார்த்திருக்கிறேன், பத்து விநாடிக்கு மேல் போனதில்லை. இது நாலைந்து நிமிடம் போனது. கடைசியில் மேயரம்மாவின் சாய்ந்த கொண்டை சிவப்பியின் அலகில் மாட்டியது. பிடித்து உலுக்கினாள். மேயரம்மா விடுவித்துக்கொண்டு ஓடிப் பலகைக்குப் பின்னால் போய் நின்றாள். மூன்று வருடமாக அவளைக் கண்டு ஒதுங்கியவர்கள் மூன்று பேர் அவளைத் தேடிப் போய் ஆளுக்கு ஒரு கொத்து கொத்தினார்கள். அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

வெளிச்சம் குறைந்தது. கோழிகள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குள் ஏறின. அக்காவை வெசெலா கைத்தாங்கலாகக் கூட்டின் வாசலுக்குக் கொண்டுவந்தாள். நாங்கள் நாலு பேரும் திறந்த கதவு வழியாகப் பார்த்தோம். உயரக் கம்பில் சுவரோரம் சிவப்பி. அது மேயரம்மாவின் இடம். பக்கத்தில் மற்றவர்கள், கடைசியில் சின்னவள். மேயரம்மா இரண்டு முறை உயரக் கம்புக்குத் தாவினாள், இரண்டு முறையும் தள்ளிவிட்டார்கள். கீழ்க் கம்பில் ஏறி உட்கார்ந்தாள். தரையில் இருந்த பிசானா அவளைப் பார்த்தாள். பிறகு, அந்தக் கம்பின் மறுமுனைக்கு ஒரு தாவு.

கமென் கொஞ்சம் முன்னால் குனிந்தான்.

மேயரம்மா கம்பின் மேலேயே பக்கவாட்டில் நகர்ந்து வந்தாள். தலையை நிமிர்த்தி, பிசானாவின் கன்னத்தில் ஒரு கொத்து. பிசானா கீழே குதிக்கவில்லை. தாரின் கசப்பு நாக்கில் பட்டிருக்க வேண்டும். மேயரம்மா அலகைக் கம்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேய்த்தாள். இன்னொரு முறை தேய்த்தாள். திரும்பிப் போகலாம், ஆனால் ஏப்ரல் மாத ராத்திரி எங்கள் மலையில் குளிரும், தனியாக உட்கார்ந்தால் இன்னும் குளிரும். இருந்த இடத்திலேயே உட்கார்ந்து இறகை உப்பினாள். இருவருக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை.

கமென் மெதுவாகக் கேட்டான்: "நாளைக்குக் கொத்தாதா மாமா?"

"கொத்தும்" என்றேன். "இன்னும் மூணு வாரத்துக்குக் கொத்துவாங்க. அதுக்கப்புறம் கொறையும். கொத்தே மாட்டாங்கன்னு சொன்னா அது பொய்."

"கொத்தட்டும்" என்றாள் அக்கா. "நான் பக்கத்துலதானே இருக்கப்போறேன்."

கமென் நிபந்தனைகளைச் சொன்னான். வாளியைத் தொடக்கூடாது. பனி விழுந்த நாளில் வாசலைத் தாண்டக்கூடாது. தினமும் சாயங்காலம் போன். அக்கா எல்லாவற்றுக்கும் சரி சரி என்றாள். அவள் இவ்வளவு சுலபமாக யாருக்கும் சரி சொல்லி நான் கேட்டதில்லை. கடைசியில் அவன் அவள் தலையில் நழுவியிருந்த துணியைச் சரிசெய்துவிட்டுக் காருக்குப் போய் டிக்கியைத் திறந்தான். நான் கூட்டின் கதவைச் சாத்தித் தாழ் போட்டேன். போட்ட தாழை இழுத்துப் பார்த்தேன். வெசெலாவும் ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

ஈஸ்டர் காலையில், சர்ச்சிலிருந்து வந்தவர்கள் தெருவில் யார் முட்டை உடையாமல் நிற்கிறது என்று முட்டையோடு முட்டை மோதிக்கொண்டிருந்த நேரத்தில், அக்கா வேலியின் புதுக் கதவு வழியாக எங்கள் முற்றத்துக்கு வந்தாள். ஐம்பது அடி. ஊன்றுகோலோடு நடக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. அவளுடைய பையில் இனிப்பு ரொட்டித் துணுக்குகள் இருந்தன. கோழி முற்றத்தின் கம்பி வேலிக்கு வெளியே நின்று, ஆறு வருடமாகப் பிசானாவைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டாள்.

பிசானா தலையை நிமிர்த்திப் பார்த்தாள். அந்த நேரம் பார்த்து மறுகோடியில் சிவப்பி மண்ணில் ஏதோ கண்டுபிடித்துக் கொக்கரித்தாள். மற்ற ஆறும் அங்கே ஓடின. கரிமுகப் பெட்டை ஒரு கணம் அக்காவைப் பார்த்தாள், பிறகு திரும்பி, இடம் போய்விடப்போகிறது என்பதுபோல் அந்த ஆறு பேருக்குப் பின்னால் ஓடினாள்.

நான் அக்காவைப் பார்க்கப் பயந்தேன். அவள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாத்தியா, என்னைக் கண்டுக்கவே இல்லை" என்றாள். குரலில் வருத்தம் கொஞ்சம் இருந்தது. மீதியெல்லாம் நிம்மதி. பையிலிருந்த ரொட்டித் துணுக்குகளை எட்டுப் பேருக்கும் போதுமா என்று ஒருமுறை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, வேலிக்குள் பரவலாக வீசினாள்.